நாம் எழுதிக் கொடுத்தது யாருக்குச் சொந்தம்? தளம் மூடும்போது எதைக் கேட்டு வாங்கலாம்?

#1 பழையரேடியோ

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர்களுக்கென்று ஒரு கேள்வி-பதில் தளம் இருந்தது. பெயர் வேண்டாம். அதன் தமிழ்ப் பிரிவில் ஒன்பது வருடம் எழுதியிருக்கிறேன். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால், எங்கோ யாரோ ஒருவருடைய ரேடியோவில் இரைச்சல் மட்டும் வருகிறது, நிலையம் வரவில்லை என்பார். எந்தக் கெப்பாசிட்டரை முதலில் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று நாலைந்து பேர் சேர்ந்து சொல்லுவோம். இரண்டு நாள் கழித்து "பாடுகிறது" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதினோம்.

தளத்தை ஒரு நிறுவனம் வாங்கியது. இப்போது 60 நாளில் மூடப் போகிறார்களாம். "உங்கள் தரவைத் தரவிறக்கிக்கொள்ளலாம்" என்று ஒரு மின்னஞ்சல், ஒரு பொத்தான். அழுத்தினேன். மறுநாள் ஒரு ஜிப் கோப்பு வந்தது. உள்ளே மூன்று கோப்புகள். ஒன்றில் என் மின்னஞ்சல் முகவரி, நான் உள்நுழைந்த தேதிகள். இன்னொன்றில் விளம்பரதாரருக்காக என்னை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல். மூன்றாவதுதான் என் பதிவுகள். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. à, ®, ¯ மாதிரி ஏதேதோ குறிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நான் வரைந்து போட்ட படங்களும் இல்லை. படம் இருந்த இடத்தில் ஒரு சுட்டி மட்டும் இருக்கிறது. தளம் மூடினால் அந்தச் சுட்டியும் செத்துவிடும்.

இதற்குப் பெயர் என் தரவைத் திருப்பிக் கொடுப்பதா? எனக்கு இதில் என்ன உரிமை இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 புதியவன்

சேரும்போதே "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தியிருப்பீர்களே ஐயா. அப்புறம் எப்படி நம்முடையது ஆகும்? எழுதியதெல்லாம் அவர்களுக்குப் போய்விட்டது என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

#3 நெய்தல்

@புதியவன், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான தளங்களில் அப்படி இல்லை. விதிமுறைகளைத் திறந்து "பயனர் உள்ளடக்கம்" என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். முதல் வரியிலேயே, எழுதியது உங்களுக்கே சொந்தம் என்று இருக்கும். அடுத்த வரியில்தான் விஷயம். அந்தத் தளத்துக்கு நீங்கள் ஓர் உரிமம் கொடுக்கிறீர்கள்: உலகம் முழுக்கச் செல்லும், பணம் தர வேண்டியதில்லை, வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், அவர் இன்னொருவருக்கும் கொடுக்கலாம். வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது, சாவியின் நகலை யாருக்கு வேண்டுமானாலும் வெட்டிக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் அவர்களிடம். சிலர் அந்த உரிமத்துக்கு "நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாதது" என்றும் சேர்த்திருப்பார்கள். அந்த இரண்டு சொல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த உரிமம் அவர்களுக்கு மட்டுமே உரியது இல்லை. அதாவது அதே பதிவை நீங்கள் நாளைக்கே வேறு இடத்தில் போடலாம், யாரும் தடுக்க முடியாது. அதற்கு அந்தப் பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

@பழையரேடியோ ஐயா, அந்தக் குறிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எழுத்து போகவில்லை. நான் இந்த மாதிரி ஏற்றுமதிக் கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்க இன்று பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) எடுக்கும். "ரே" என்பது ர ஒன்று, ஏகாரக் கொம்பு ஒன்று, மொத்தம் ஆறு பைட். அவர்களுடைய நிரல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக, அதுவும் லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறையின் எழுத்தாக நினைத்துக் கோப்பில் கொட்டியிருக்கிறது. அதனால் ஒரு "ரே" ஆறு குப்பைக் குறிகளாகிவிட்டது. கோப்பை லத்தீன்-1 ஆகப் பைட்டுக்கு மாற்றி, அதை யூடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்தால் தமிழ் வந்துவிடும். நான்கு வரி நிரல். அனுப்பி வைக்கிறேன்.

இதில் எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஆங்கில எழுத்து ஒரே பைட் என்பதால் அவர் கோப்பு சரியாகவே திறக்கும். நம் எழுத்தில் ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

#4 பழையரேடியோ

நெய்தல், கோடி நன்றி. ஓட்டினேன். தமிழ் வந்துவிட்டது, 3,100 பதிவுகளுக்கு மேல் இருக்கின்றன.

ஆனால் படிக்கப் படிக்க மனசு கனத்துப் போனது. ஒரு பதிவை அப்படியே தருகிறேன்:

"ஆமாம், அதேதான். ஆனால் தண்டில் மூன்று சுற்று, இரண்டு இல்லை. படத்தில் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கடைசியில் மாட்டுங்கள்."

இது டயல் நூல் கோர்ப்பதைப் பற்றியது என்று எனக்குத் தெரிகிறது. நிலையம் தேடத் திருகும் தண்டிலிருந்து ஒரு நூல் கப்பிகள் வழியாகப் போய்த்தான் முள்ளை இழுக்கும். நூல் அறுந்துவிட்டால் எந்தக் கப்பிக்கு மேலே, எதற்குக் கீழே, எத்தனை சுற்று என்பது மாடலுக்கு மாடல் மாறும். தப்பாகக் கோர்த்தால் முள் எதிர்ப்பக்கம் ஓடும், இல்லையென்றால் வழுக்கும். சரி, இது எந்த மாடல்? யார் கேட்டார்? "அதேதான்" என்றால் எது? கேள்வி என்னிடம் இல்லை, அது அவருடைய தரவாம். படமும் இல்லை. என் பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு ரேடியோவைக்கூடச் சரி செய்ய முடியாது.

#5 கல்வெட்டு

இந்தக் கதை புதிதில்லை. ரொம்பப் பழைய ஒன்றைச் சொல்கிறேன், இளைஞர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.

இசைக் குறுந்தகட்டைக் கணினியில் போட்டால் பாட்டின் பெயர்கள் தானாகத் திரையில் வருமே, அந்தப் பெயர்கள் பெரும்பாலும் தகட்டில் இருப்பதில்லை. தகட்டில் இருப்பது எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்குதான். அந்த நீளங்களை வைத்தே தகட்டை அடையாளம் கண்டு, பெயர்களை ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். 1990களில் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இருவர் உருவாக்கிய சிடிடிபி என்ற பட்டியல் அது. அதில் இருந்த பெயர்களை யார் தட்டச்சு செய்தது? தகட்டைக் காசு கொடுத்து வாங்கிய சாதாரண மக்கள். அடுத்தவருக்கு அந்தச் சிரமம் வேண்டாமே என்று ஒவ்வொரு பாட்டின் பெயரையும் தட்டச்சு செய்து அனுப்பினார்கள்.

1998இல் அதை ஒரு நிறுவனம் வாங்கியது. பிறகு பெயர் கிரேஸ்நோட் ஆனது. 2001 வாக்கில், உரிமம் வாங்கிய மென்பொருள்கள் மட்டுமே பட்டியலைத் தொடலாம் என்றார்கள். 2008இல் சோனி அதை 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதில் காசைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் "நான் தட்டியது என்னுடையது" என்று சொல்லும் நியாயம் இருந்தது. ஆனால் ஒருவர் தட்டிய 12 தகடுகளின் பட்டியலை அவரிடமே திருப்பிக் கொடுத்து என்ன ஆகப் போகிறது? மொத்தப் பட்டியலாக இருந்தபோதுதான் அதற்கு மதிப்பு. பழையரேடியோ ஐயாவின் "அதேதான்" பதிவும் அப்படித்தான். தளங்கள் நமக்குத் தரும் உரிமை தனி ஆளுக்கானது. நாம் உண்டாக்கியதோ கூட்டாக உண்டாக்கியது.

அந்தப் பட்டியலின் பழைய பிரதியிலிருந்து ஃப்ரீடிபி என்ற இலவசப் பட்டியல் வந்தது, 2020 வரை ஓடியது. இன்னொரு பக்கம் ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் வந்தது. அங்கே அடிப்படைத் தரவைப் பொதுச்சொத்தாகவே அறிவித்து, மொத்தத்தையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் கோப்பாக வெளியிடுகிறார்கள். சூடு கண்டவர்கள் செய்த ஏற்பாடு அது.

#6 புதியவன்

அப்படியென்றால் ஒரு தளத்தில் எழுதத் தொடங்கும் முன்பே இதைப் பார்க்க முடியுமா? எதைப் பார்க்க வேண்டும்?

#7 தாழ்வாரம்

நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த உலக வரைபடத்தில், வரைகிறவன், அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டே கேள்விதான். எழுதியவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் கொடுக்கும் திறந்த உரிமம் இருக்கிறதா? மொத்தத் தரவையும் வெளியாள் ஒருவர் இன்றைக்கே இறக்க முடியுமா? முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் அந்த உரிமம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

உரிமம் திறந்திருந்து, தரவும் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விக்கிவாயேஜைப் பாருங்கள். விக்கிடிராவல் என்று 2003இல் தொடங்கிய பயண வழிகாட்டித் தளம், எல்லோரும் எழுதியது. 2006இல் அதை ஒரு வணிக நிறுவனம் வாங்கியது. எழுதியவர்களுக்குப் பிடிக்கவில்லை. முதலில் ஜெர்மன் மொழிக்காரர்கள் பிரிந்து போனார்கள். 2012இல் மற்றவர்களும் கட்டுரைகளோடு வெளியேறினார்கள். உரிமம் திறந்ததாக இருந்ததால் எடுத்துப் போக முடிந்தது. நிறுவனம் இரண்டு தன்னார்வலர்கள் மீது வழக்குப் போட்டது, அதுவும் கடைசியில் சமரசத்தில் முடிந்தது. 2013 ஜனவரியில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் குடைக்குள் விக்கிவாயேஜ் தொடங்கியது. சமூகம் மொத்தமாக எழுந்து போய்விடலாம் என்ற வாய்ப்பு இருந்தால்தான் தளம் நடத்துபவர் நம் பேச்சுக்குக் காது கொடுப்பார்.

எங்களுக்கும் ஒரு வலி உண்டு. 2012இல் வரைபடத்தின் உரிமத்தை மாற்றினோம். வரைந்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. மறுத்தவர்கள், பதில் சொல்லாதவர்கள் வரைந்த சாலைகளை வரைபடத்திலிருந்து எடுத்தோம். நன்றாக இருந்த சாலை நடுவில் அறுந்து நிற்கும். ஆஸ்திரேலியா, போலந்து பக்கமெல்லாம் பெரிய ஓட்டைகள். திரும்ப உட்கார்ந்து வரைந்தோம். கேட்காமலே மாற்றியிருந்தால் வேலை மிச்சம். ஆனால் அது அவர்கள் வரைந்தது. கேட்டதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

#8 மின்மினி

எல்லோரும் "எடுத்துப் போகும் உரிமை" பற்றியே பேசுகிறீர்கள். அழிக்கும் உரிமை பற்றி யாருமே பேசவில்லை.

19 வயதில் ஒரு நோயாளிகள் குழுவில் எழுதினேன். என்ன மருந்து, எத்தனை நாள், உடம்பில் என்னென்ன ஆனது, வீட்டில் யாரெல்லாம் என்ன சொன்னார்கள், எல்லாம். அப்போது அந்தக் குழு இல்லையென்றால் நான் தாங்கியிருக்க மாட்டேன். எட்டு வருடம் கழித்து, வேலைக்கு எடுக்கும் நேரத்தில் ஒருவர் அதைத் தேடிப் படித்திருக்கிறார் என்பது அவர் பேசிய விதத்திலேயே தெரிந்தது. அழிக்கச் சொல்லிக் கேட்டேன். கணக்கை அழித்தார்கள். பதிவுகள் "முன்னாள் உறுப்பினர்" என்ற பெயரில் அப்படியே நிற்கின்றன. மற்றவர்களின் உரையாடல் அறுந்துபோகுமாம்.

#9 கல்வெட்டு

மின்மினி, உங்களுக்கு நடந்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தத் தளம் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 2024 மே மாதம், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அங்கே இருக்கும் பதில்களை ஏஐக்குப் பயன்படுத்த, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. நிரலாளர்கள் கொதித்துப் போனார்கள். கோபத்தில் சிலர் தங்கள் பழைய பதில்களை அழிக்கவும் திருத்தவும் தொடங்கினார்கள். தளம் பதில்களைத் திரும்பப் போட்டது, கணக்குகளைச் சில நாள் முடக்கியது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதில்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கப்பட்டவை. ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்பதுதான் அந்த உரிமத்தின் உயிர். அழித்தால் நஷ்டப்படுவது அந்த நிறுவனம் இல்லை, அவர்களிடம் பிரதி இருக்கும். நாளைக்கு அதே பிழையில் மாட்டிக்கொண்டு இரவு இரண்டு மணிக்குத் தேடுகிறவர்தான் நஷ்டப்படுவார்.

#10 மின்மினி

கல்வெட்டு ஐயா, ஒரு நிரல் பிழைக்கான பதிலும் என் உடம்பும் ஒன்றா? அவர்கள் கொடுத்தது ஓர் அறிவு. நான் எழுதியது என்னைப் பற்றி. யார் படித்துப் பயன்பெறுகிறார்கள் என்று பார்த்து என் ரகசியத்தை வைத்திருப்பதா எடுப்பதா என்று முடிவு செய்ய முடியாது. பெயரை எடுத்துவிட்டோம் என்கிறார்கள். வயது, மருந்து, வீட்டில் எத்தனை பேர், எந்த மாதம் அறுவை சிகிச்சை, இவையெல்லாம் அந்தப் பதிவிலேயே இருக்கும்போது பெயர் எதற்கு? என்னைத் தெரிந்த எவரும் மூன்றாவது வரியில் கண்டுபிடித்துவிடுவார்.

#11 கல்வெட்டு

சரிதான். நான் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது தவறு. ஏற்றுக்கொள்கிறேன்.

#12 நெய்தல்

மின்மினி சொன்ன பிரிவு இருக்கிறதே, நான் கொடுத்தது ஒன்று, என்னைப் பற்றியது இன்னொன்று, சட்டமும் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. குழப்பமும் அங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஜிடிபிஆர், 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று பிரிவுகள். 15ஆவது, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டு நகல் வாங்குவது. 17ஆவது, அழிக்கச் சொல்வது. 20ஆவது, எடுத்துப் போவது. கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சிக்கலான விண்ணப்பம் என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பெரிய மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். இந்தத் தளங்கள் எல்லாவற்றிலும் "தரவிறக்கு" என்ற பொத்தான் ஒட்டிக்கொண்டதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். கூகுள் மட்டும் 2011இலேயே, பயனர் தன் தரவை இறக்கிக்கொள்ள டேக்அவுட் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது.

கேட்பதற்கு என்ன பலன் என்பதற்கு ஓர் உதாரணம். 2011இல் வியன்னாவைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்ட மாணவர் ஃபேஸ்புக்கிடம் தன் தரவைக் கேட்டார். 1,222 பக்கம் வந்தது. அவர் அழித்துவிட்டதாக நினைத்தவைகூட அதில் இருந்தன. அதற்குப் பிறகு அவர் தொடுத்த வழக்குகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே தரவு போகும் ஏற்பாட்டையே இரண்டு முறை கவிழ்த்தன.

இனிமேல்தான் ஓட்டை. 20ஆவது பிரிவு, கணினி படிக்கக்கூடிய, பரவலாகப் பயன்படும் வடிவத்தில் கொடு என்கிறது. குப்பைக் குறிகளாகக் கொடுத்தால் அந்த வரியை மீறுகிறார்கள் என்று ஐயா தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் அது "நீங்கள் கொடுத்த" தரவுக்கு மட்டும், அதுவும் அடுத்தவர் உரிமையைப் பாதிக்காமல். நீங்கள் பதில் சொன்ன கேள்வி அடுத்தவருடையது. அதனால் உரையாடலைத் தனி மனிதர் உரிமை என்ற கத்தியால் வெட்டினால் எப்போதும் பாதிதான் கையில் வரும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ எடுத்துப் போகும் உரிமையே இல்லை. பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமைகள்தான் அதில் எழுதியிருக்கின்றன.

#13 அலைவரிசை

நான் இங்கே புதிது. பழையரேடியோ ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் கணக்குத் தொடங்கினேன். என் அப்பாவும் அந்தத் தளத்தில்தான் இருந்தார். பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டென்று போய்விட்டார், இரண்டு வருடம் ஆகிறது. அவர் அங்கே எழுதியதை எடுக்கலாம் என்று கேட்டால், கணக்கு வைத்திருப்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். இறப்புச் சான்றிதழ் அனுப்பினேன். அதே பதில் மறுபடியும் வருகிறது. அப்பாவின் குரல் என்னிடம் பதிவாக எதுவும் இல்லை. ஆனால் அவர் எழுதுவது பேசுவது போலவே இருக்கும்.

#14 நெய்தல்

மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஜிடிபிஆர் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். இறந்தவர்கள் விஷயத்தில் ஒவ்வொரு நாடும் தனியாக விதி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்தியச் சட்டத்தில், தனக்குப் பிறகு உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் உயிரோடு இருக்கும்போதே நியமித்திருக்க வேண்டும். பதிப்புரிமை வேறு வழி. எழுதியவர் இறந்தால் அது வாரிசுக்குப் போகும். அதனால் அப்பா எழுதியதை வெளியிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. பிரதி கொடு என்று கட்டாயப்படுத்தத்தான் வழி இல்லை.

தளம் இன்னும் திறந்துதானே இருக்கிறது? உடனே ஒன்று செய்யுங்கள். அப்பாவின் பதிவுகள் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டுச் சேமியுங்கள். உள்நுழையாமல் தெரியும் பக்கங்கள் என்றால் சேமிக்கும்.

#15 அலைவரிசை

பார்த்தேன். தமிழ்ப் பிரிவு உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். சேமிக்கவில்லை.

#16 பழையரேடியோ

அம்மா, உங்கள் அப்பா யார் என்று புரிந்துவிட்டது. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். சாலிடரிங் முனை வைக்கும் கோணத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியவர் அவர். நான் சூடு வைத்துக்கொண்ட அன்றைக்குத் திட்டியவரும் அவர்தான்.

நேற்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, ஒன்று தோன்றியது. ஆளாளுக்குப் பாதிதான் கிடைக்கும் என்றார் நெய்தல். சரி, எல்லாப் பாதிகளையும் சேர்த்தால்? என்னுடைய கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு எண் இருக்கிறது. ஒன்று பதிவு எண், இன்னொன்று இழை எண். இழை என்றால் ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடர். கேட்டவர் தன் கோப்பை இறக்கினால் அதிலும் அதே இழை எண் இருக்கும் அல்லவா? எனக்குத் தெரிந்த பழைய உறுப்பினர்களுக்கெல்லாம் ஃபோன் போடத் தொடங்கிவிட்டேன். 38 நாள் மீதி இருக்கிறது.

#17 நெய்தல்

ஐயா, கட்டாயம் நடக்கும். எனக்கே இது தோன்றாமல் போய்விட்டதே! இழை எண், நேரம் இரண்டையும் வைத்து அடுக்கிவிடலாம், நான் நிரல் எழுதுகிறேன். ஆளாளுக்கான உரிமையை எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் உரையாடல் திரும்ப வரும்.

ஒரே ஒரு நிபந்தனை. யாருடைய பதிவும் அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. கோப்பு அனுப்பும்போதே, எந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். இப்போது சோம்பல்பட்டால் பத்து வருடம் கழித்துத் தாழ்வாரம் சொன்ன கதைதான்.

#18 தாழ்வாரம்

மறக்காமல் படங்கள். கோப்பில் சுட்டி மட்டும் இருக்கிறது என்றீர்களே, தளம் மூடும் முன் ஒவ்வொரு சுட்டியையும் திறந்து படத்தை இறக்க வேண்டும். அதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. சாதாரண மக்கள் தங்கள் சொந்த இணையப் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியபோது ஆர்கைவ் டீம் தன்னார்வலர்கள் ஓடி ஓடி எடுத்ததால்தான் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. இசைக்கலைஞர்கள் தங்கள் பாட்டுகளை ஏற்றிவந்த மைஸ்பேஸ் தளத்தில் அந்த நேரம்கூடக் கிடைக்கவில்லை. சர்வர் மாற்றும்போது பழைய பாட்டுகள் எல்லாம் தொலைந்துவிட்டன என்று 2019இல் சொன்னார்கள்.

#19 மின்மினி

நானும் கைகொடுக்கிறேன். நிரல் தெரியாது, ஆனால் பொறுமையாகப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு இழையையும் வெளியிடும் முன் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ரேடியோ பற்றிய பேச்சின் நடுவே யாராவது வீட்டு முகவரி, ஃபோன் எண், உடம்புக்கு முடியாதது எல்லாம் எழுதியிருப்பார்கள். பார்சல் அனுப்பச் சொல்லி முகவரி கொடுப்பது இருக்கவே இருக்கும். அதையெல்லாம் எடுக்க வேண்டும். அப்புறம், பிறகு ஒருநாள் "என்னுடையதை எடுத்துவிடுங்கள்" என்று யாராவது வந்தால் எங்கே, யாரிடம் சொல்ல வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டுக்கும் சரி என்றால் வருகிறேன்.

#20 பழையரேடியோ

இரண்டுக்கும் சரி. அந்தப் பொறுப்பு உங்களுடையதே, எங்களை அதட்டி வேலை வாங்குங்கள்.

#21 புதியவன்

எனக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. படங்களை இறக்கும் வேலையைக் கொடுங்கள், செய்கிறேன். ஒரு சந்தேகம். நாம் இதைத் திறந்து வைத்தால் ஏஐ நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளுமே?

#22 கல்வெட்டு

எடுக்கும். பூட்டி வைத்தாலும் விற்பார்கள் தம்பி. ரெடிட் என்ற பெரிய விவாதத் தளம் 2023இல், தன் தரவை எடுத்துப் பயன்படுத்தும் வெளி மென்பொருள்களுக்கான (ஏபிஐ) கட்டணத்தை ஏற்றியபோது ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்திப் போராடின. அடுத்த வருடமே அந்தப் பதிவுகளை ஏஐ பயிற்சிக்குக் கொடுக்க கூகுளோடு ஒப்பந்தம் ஆனது. எழுதியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குத் திறந்த வழிதான் பிடித்திருக்கிறது. அதில் பெரிய நிறுவனத்துக்குக் கிடைப்பது டயல் நூல் அறுந்த மனிதருக்கும் கிடைக்கும். மூடிய வழியில் பெரியவருக்கு மட்டும் கிடைக்கும். உரிமத்தில் "பெயர் குறிப்பிட வேண்டும்" என்று எழுதுங்கள். அதை அவர்கள் மதிக்கிறார்களா என்பது இன்னும் நீதிமன்றங்களில் ஓடுகிற சண்டை. எழுதாமல் விட்டால் அந்தச் சண்டையில் நிற்கவே இடம் இருக்காது.

#23 பழையரேடியோ (47 நாள் கழித்து)

நண்பர்களே, தளம் ஒன்பது நாள் முன்பு மூடிவிட்டது.

கணக்கு இது. 64 பேரைத் தேடினோம். 41 பேர் தங்கள் கோப்பை இறக்கிக் கொடுத்தார்கள். ஆறு பேர் வேண்டாம் என்றார்கள், காரணம் கேட்கவில்லை. மீதிப்பேர் கிடைக்கவில்லை. 1,870 இழைகளில் கேள்வி, பதில் இரண்டும் சேர்ந்து படிக்கும்படி 1,212 வந்திருக்கின்றன. மற்றவற்றில் ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருக்கும் இடத்தில் "இங்கே ஒரு பதிவு இருந்தது" என்று மட்டும் போட்டிருக்கிறோம். புதியவன் தம்பி 2,300 படங்கள் இறக்கினார், கடைசி நாள் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தார். மின்மினி 300 இழைகளைப் படித்து முடித்துவிட்டார். முதல் வாரத்திலேயே 11 வீட்டு முகவரிகளை எடுத்தார், அதில் ஒன்று என்னுடையது.

அந்த "அதேதான்" பதிவுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. கேட்டவர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். அவர் கோப்பில் இருந்தது: "அப்பாவின் ரேடியோ. நூலைப் பெரிய கப்பிக்கு மேலே விட்டு, தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். முள் நகர்கிறது, ஆனால் பாதியில் வழுக்குகிறது. நான் செய்தது சரியா?" படமும் இருக்கிறது, சிவப்புக் கோட்டோடு. என் கையெழுத்துதான்.

#24 அலைவரிசை

அப்பாவின் சொந்தக் கோப்பு வரவில்லை. இனி வராது. ஆனால் மற்ற 41 பேரும் பதில் எழுதும்போது அவருடைய வரிகளை மேற்கோள் போட்டிருக்கிறார்கள். அந்த மேற்கோள்களை நெய்தல் அண்ணன் தனியாகப் பிரித்து அனுப்பினார். 286 இருக்கின்றன. சில ஒரே ஒரு வரி. சாலிடரிங் பக்கம் மட்டும் முழுசாகக் கிடைத்தது, யாரோ ஒருவர் அதை மொத்தமாக மேற்கோள் போட்டு "நன்றி ஐயா" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அவர் பெயரிலேயே வெளியிடுங்கள். வாரிசாக என் சம்மதத்தை எழுதி அனுப்பிவிட்டேன்.